ஞாயிற்றுக்கிழமை போல்ட்டுகள்

"அந்தக் காரா, நானான்னு இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடு," என்றாள் அக்கா.

தம்பி செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அக்கா போனில் புலம்பிய புலம்பல் தாங்காமல் அம்மாதான் அவனைக் கிளப்பி அனுப்பியிருந்தாள்.

"மாமா எங்கேக்கா?"

"எங்கே இருப்பார்? காபி குடிச்ச வாயைக்கூடத் துடைக்காம கார் அடியில பூந்தாச்சு. ஞாயித்துக்கிழமைன்னா அதுதான் பொண்டாட்டி. நான் வாடகைக்குக் குடியிருக்கிறவ."

ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னும் முடியலையா?" என்று கொல்லைப்புறம் அதிரக் கத்தினாள். பதிலுக்குக் காத்திராமல் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, கவிழ்த்து வைத்திருந்த நாவலைக் கையில் எடுத்தாள். "போ, போய்ப் பேசு."

ஷெட்டில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மரக்கட்டைகள் மேல் நின்றது. ரெண்டே பேர் உட்காரக்கூடியது. மாமா கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் வயிற்றுக்குக் கீழே இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரல்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் ஆள் ரொம்ப சௌக்கியம்.

"யாரு, மாப்ளையா? நல்ல நேரத்துல வந்தே. ஒரு கை குறையுது. குனிஞ்சு வா."

மாமா ஒரு ஆலையில் தரம் பார்க்கும் அதிகாரி. எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார். ஒரு குறையாவது கண்டுபிடித்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். பெண் பார்க்க வந்த இடத்திலேயே, உட்காரச் சொன்ன நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஆணியை ஆராய்ந்தவர்.

தம்பி பழைய பாயை விரித்து, மல்லாந்தபடி உள்ளே நகர்ந்தான். மாமா பல்லில் கவ்வியிருந்த டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார்.

"இதுதான் கப்ளிங். கியர்பாக்ஸுக்கும் பின்னாடி போற தண்டுக்கும் நடுவுல இந்த ரப்பர் வட்டு. இதைப் பிடிச்சிருக்கிற போல்ட் லூசாச்சுன்னு வை, ஓடும்போதே தண்டு கழண்டு நம்ம உட்கார்ற இடத்துலயே குத்தும்."

"ஐயோ."

"அதான் வாராவாரம் பார்க்கிறேன். நீ போல்ட் தலையைப் பிடி, நான் நட்டைத் திருப்பறேன். போல்ட்டைத் திருப்பினா ரப்பர் முறுக்கிக்கும்."

தம்பி ஸ்பேனரால் பிடித்தான். மாமா திருப்பினார். நட்டு கல் மாதிரி நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"எல்லாம் இறுக்கமாத்தானே இருக்கு மாமா?"

"எதுக்கும் இன்னொரு சுத்து பார்த்துடுவோம்."

தம்பி டார்ச்சை வாங்கி முன்பக்கமாக அடித்தான். கியர்பாக்ஸ் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வெறும் காற்று. பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த பல்லி ஒன்று வெளிச்சம் பட்டதும் சலிப்போடு நகர்ந்தது.

"மாமா, இன்ஜின் எங்கே?"

மாமாவின் கை நின்றது. "மெதுவாப் பேசு. போன வருஷம் அது ஜாமாயிடுச்சு. உங்க அக்கா உங்க வீட்டுக்கு வந்திருந்தப்போ பழைய இரும்புக்காரன்கிட்டத் தூக்கிக் கொடுத்துட்டேன். அவகிட்ட மூச்சு விட்டுடாதே."

"அப்போ வாராவாரம் இந்த போல்ட்டை..."

"ஒரு நாளாவது யாரும் ஒண்ணும் கேட்காம மல்லாந்து கிடக்கலாமேன்னுதான். செத்தவனைத் தவிர வேற யாருக்கு மாப்ளே அந்த வசதி இருக்கு?"

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேலை ஞாபகம் வந்ததும் அடக்கிக்கொண்டான்.

"நீங்க இங்கே சுகமாக் கிடக்கறீங்க. அக்கா உள்ளே தனியா உட்கார்ந்து கண்ணைக் கசக்கிட்டிருக்கா." கண் கசக்கலை மட்டும் அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

"அழறாளா?"

"உங்களோட ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசமாட்டோமான்னு ஏங்கிப்போய்க் கிடக்கா மாமா."

மாமா ஸ்பேனரை மெல்லத் தரையில் வைத்தார்.

"நான் ஒரு மடையன் மாப்ளே. வாராவாரம் அவ கத்தும்போதெல்லாம் கோபம்னுதான் நினைச்சேன். அது பாசம்னு புரியலையே."

தம்பி முதுகுத் தூசியைத் தட்டியபடி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அக்கா பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காரியத்தை முடிச்சுட்டேன். மாமா காரை வித்துடறேன்னுட்டார்."

"என்னது?"

"இனிமே ஞாயிறு முழுக்க உன்கூடத்தான். முதல்ல சமையல்கட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறாராம். எந்த டப்பா எங்கே இருக்கணும்னு அலமாரி அலமாரியாப் பார்த்து ஒழுங்குபடுத்தித் தர்றாராம்."

நாவல் அக்காவின் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"சந்தோஷத்துல பேச்சு வரலையா? இன்னொண்ணு சொல்றேன், மாமாவைத் திட்டாதே. அந்தக் கார்ல இன்ஜினே..."

"இல்லேன்னு தெரியும். ஷெட்டைப் பெருக்கறப்போ பானெட்டைத் தூக்கிப் பல்லியை விரட்டறவளே நான்தானே."

தம்பி வாயைப் பிளந்தான். "தெரிஞ்சுமா வாராவாரம் அந்தக் கத்து கத்தினே?"

"கத்தினாத்தானேடா அவர் அங்கேயே இருப்பார். நீ போய்க் கேட்டாலும் அசையமாட்டார்னுதான் நினைச்சேன்."

கொல்லைப்புறம் ஷெட் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மாமா உற்சாகமாகச் சீட்டியடித்தபடி வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். அக்கா துள்ளி எழுந்து, தம்பியின் தோளைப் பிடித்து கொல்லைக் கதவுப் பக்கம் தள்ளினாள்.

"ஓடு, ஒரு போல்ட் லூசா இருக்குன்னு சொல்லு."