கதவு நிலையில் ஒரு கோடு

நார்வேயில் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். என் அக்கா டோருன் மட்டும் மூன்று வருடமாகக் கழற்றுவதில்லை. தடித்த அடிப்பாகம் வைத்த ஷூவோடு எங்கள் மலைவீடு முழுக்க நடப்பாள்.

தரையைத் துடைத்துத் துடைத்து என் மனைவி பொர்க்ஹில்ட் பொருமுவாள். அக்காவிடம் சொல்ல அவளுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

இந்த ஈஸ்டருக்கு அக்கா இன்னொரு வம்பு செய்தாள். பிள்ளைகளைக் கதவு நிலையில் நிறுத்தி, உயரத்துக்குப் பென்சில் கோடு போடுவது எங்கள் வழக்கம். எல்லாரும் முடிந்ததும் பொர்க்ஹில்டைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அறுபத்திமூணு வயசு, அண்ணி. இனிமேலா வளரப்போறேன்?"

"வளர வேணாம். இருந்தது இருக்கான்னு பார்ப்போம்."

அவளுக்குக் கல்யாணமான வருடம் அங்கே போட்ட கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே விழுந்தது புதுக் கோடு. பிள்ளைகள் சிரித்தார்கள். பொர்க்ஹில்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தரை உறைஞ்சு கதவு நிலையை மேல தூக்கிடுச்சு. இந்த மலையில வருஷா வருஷம் நடக்கறதுதானே."

"நிலை வளரலடி, நீதான் தேஞ்சிட்டே. போய் எலும்புக்கு ஒரு ஸ்கேன் எடு. எல்லாம் சரியா இருந்தா, இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அது போதாதா? சர்ச் விசேஷத்துக்குக்கூட பொர்க்ஹில்ட் அவ்வளவு உற்சாகமாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நசுங்கிக் கிடந்தன. இவள் ஒருநாளும் கீழே விழவில்லை. முதுகுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு பனிச்சறுக்குக்குப் போனாளே, அப்போதே முறிந்திருக்கிறது. எலும்பு முறிவதுகூட இத்தனை ஓசையில்லாமல் நடக்குமா?

உங்கள் அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றாள். நம் நாட்டில் இடுப்பு முறிகிறவர்கள் ஏராளம், நாம்தான் பனிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிறோம் என்றார்.

"நல்லவேளை இப்பவே வந்தீங்க. மருந்து இருக்கு. விட்டிருந்தா அடுத்தது இடுப்புதான்."

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். சொல்லாமல் போனதால் அக்கா வெறும் காலுறையோடு வந்து கதவைத் திறந்தாள்.

ஷூவோடு பொர்க்ஹில்டுக்குச் சரிசமமாக நிற்கும் அக்கா, இப்போது அவள் காதளவுக்குத்தான் இருந்தாள்.

பொர்க்ஹில்ட் குனிந்து அந்தக் கால்களையே பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த ஷூவைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி எங்ககிட்ட சொல்லல?"

"எனக்கும் எலும்பு நசுங்கிடுச்சுன்னு சொல்லியிருந்தா, 'பாவம், அண்ணிக்கு வயசாயிடுச்சு'ன்னு சூப் வச்சுக் கொண்டுவந்திருப்பே. நீ போய் ஸ்கேன் எடுத்திருப்பியா?"

என் அக்காவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். வம்பு செய்தே ஒருத்தியைக் காப்பாற்ற முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பொர்க்ஹில்ட் மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த ஈஸ்டருக்கும் ஷூவோடயே உள்ள வாங்க அண்ணி. தரையை நான் துடைச்சுக்கறேன்."