பத்து மணி ஜன்னல்

"ஞாயித்துக்கிழமை பத்து மணியை நாலு மணியா மாத்துங்க பெரியக்கா. இல்லேன்னா இன்னையோட நான் வரலை."

சொல்லிவிட்டு நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரவு டியூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். கண் இரண்டும் தீயாய் எரிந்தன.

தையல் கடையின் மாடி அறை அது. திருநங்கைகளும் தன்பாலீர்ப்பாளர்களுமாக, வீட்டில் வாய் திறக்க முடியாத ஆறு பேர் வாரம் ஒருமுறை அங்கே கூடி மனசு விட்டுப் பேசுவார்கள். ஆரம்பித்து வைத்தவள் கடைக்காரி பெரியக்கா. பதினோரு வருஷமாக அதே கிழமை, அதே பத்து மணி. அந்த நேரத்தைக் குறித்தவளும் அவள்தான்.

"பத்து மணிக்கு அப்படி என்ன தலை போற வேலை?" என்றான் பஸ் டிரைவர். அவன் மெதுவாகப் பேசினாலே ஹாரன் அடித்த மாதிரி இருக்கும்.

"சர்ச்சுக்குப் போகணும்."

பார்லர்க்காரி கைகொட்டிச் சிரித்தாள். "அடிப்பாவி! விரட்டி விட்டுட்டாங்கன்னு போன மாசம்தானே மூக்கைச் சிந்தினே?"

"விரட்டினது அவங்க. ஆண்டவர் இல்ல."

"எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு மூணு நாள் பட்டினி போட்டவங்க அவங்க," என்றான் டிரைவர். "அவங்க பக்கத்துலயா போய் உட்காரப் போறே? வெக்கமா இல்ல?"

நர்ஸுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "அங்க போனா, என்கூட வாழறவளை ரூம்மேட்டுன்னு சொல்லணும். இங்க வந்தா, சிலுவையைச் சட்டைக்குள்ள தள்ளிக்கணும். ரெண்டு இடத்துலயும் பாதிப் பாதியா இருந்து அலுத்துப் போச்சுண்ணே."

தூரத்தில் ஆலய மணி அடித்தது. வாராவாரம் செய்வது போலவே பெரியக்கா எழுந்து போய் ஜன்னலை அறைந்து சாத்தினாள். அந்த மணியின்மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் என்பது அங்கே எல்லோருக்கும் அத்துப்படி.

"சீட்டு எழுதுங்க," என்றாள். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அங்கே அதுதான் வழக்கம். பெயர் போடக்கூடாது. ஒரு சீட்டு எதிராக வந்தாலும் பழையபடியே நடக்கும்.

"உங்க ஒரு சீட்டு போதுமே, மத்தவங்க கைக்கு எதுக்கு வேலை?" என்றாள் நர்ஸ்.

அளவுக் காகிதத்தைக் கிழித்து ஆளுக்கொரு மூலையில் திரும்பி உட்கார்ந்து எழுதினார்கள். பட்டன் டப்பாவில் ஆறு சீட்டுகள் விழுந்தன. பெரியக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

நாலு. நாலு.

பார்லர்க்காரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு. அடுத்ததில் எண்ணுக்குக் கீழே, 'யாரும் இல்லாத நாளாப் பார்த்து நானும் சர்ச்சுல போய் உட்கார்றதுண்டு' என்றிருந்தது. டிரைவர் திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தான்.

ஐந்தாவதும் நாலு.

நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மிச்சம் ஒண்ணு. அது யாரோடதுன்னு தெரியாதா? வரேங்க்கா."

பெரியக்கா அதைப் பிரித்து அவளிடம் நீட்டினாள். யார் கையெழுத்து என்று தெரியாதபடி, இடது கையால், கோணல்மாணலாக: நாலு.

"அப்ப வாராவாரம் ஜன்னலை ஏன்க்கா அறைஞ்சு சாத்தறீங்க?" டிரைவரின் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது.

"மணி காதுல விழுந்தா எனக்குக் கால் இங்க நிக்காதுடா," என்றாள் பெரியக்கா, ஜன்னலைத் திறந்துகொண்டே.