கூடைக்குள் அஞ்சலை

"யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க, பார்வதி! துரை வண்டி நம்ம லைனுக்குத்தான் வருது!"

வாசலில் குரல் கேட்டதும் பார்வதம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

மடியில் மகள் அஞ்சலை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயசுதான். கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கட்டி. காலையில் ரத்த வாந்தி வேறு.

தங்கச் சுரங்கக் கூலிகள் லைன் லைனாய்க் குடியிருந்த மாரிகுப்பத்தைப் பிளேக் பயம் பிடித்து ஆட்டிய வருஷம் அது. காய்ச்சல் என்று தெரிந்தால் போதும், வெள்ளைக்கார டாக்டர் துரை ஆட்களோடு வந்து ஊருக்கு வெளியே முகாமுக்குத் தூக்கிப் போய்விடுவார். தட்டி வீட்டைப் பிரித்துக் கொளுத்திவிடுவார்கள். முகாமுக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததாக லைனில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

புருஷன் சின்னசாமி சுரங்கத்துக்குள் ஷிப்டில் இருந்தான். அவனுக்குச் சொல்லி அனுப்ப ஏது நேரம்? பார்வதம்மா பிள்ளையை மூலையில் கிடத்தி, பெரிய கோழிக்கூடையைக் கவிழ்த்து, மேலே கோணியைப் போட்டாள்.

"சத்தம் போடாதடி, என் கண்ணுல்ல."

துரை குனிந்து உள்ளே வந்தார். கூடவே கம்பவுண்டர் ஏசுபாதம்; அவர்தான் கேட்டார்.

"புள்ள எங்கம்மா?"

"ஆம்பூருக்கு அனுப்சிட்டேன் சாமி. எங்க ஆத்தா வூட்ல கீது."

ஏசுபாதம் அதைத் துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். பார்வதம்மாவுக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் அடுத்த வீட்டு ரத்தினம்மா உள்ளே நுழைந்தாள்.

"பொய் சொல்றா சாமி. அந்தக் கூடைக்கு அடியில பாருங்க."

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். சொல்லிக் கொடுத்த புண்ணியவதி யாரென்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா!" என்றாள் பார்வதம்மா.

கூடையை நிமிர்த்தினார்கள். துரை மண்டியிட்டு அஞ்சலையின் அக்குளைத் தடவினார், தொடை இடுக்கைத் தடவினார். அங்கே பிளேக் நெறி கட்டியிருந்தால் அவ்வளவுதான். பார்வதம்மா செத்துச் செத்துப் பிழைத்தாள்.

துரையின் கை இடது விலாவுக்குக் கீழே வந்து நின்றது. அழுத்தாமல் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏசுபாதத்திடம் படபடவென்று ஏதோ சொன்னார். ஏசுபாதம் பார்வதம்மா பக்கம் திரும்பினார்.

"பிளேக் இல்லம்மா. மண்ணீரல் வீங்கிக் கெடக்கு. அதான் உள்ள ரத்தம் கசியுது. இன்னொரு வாட்டி வாந்தி எடுத்தா தாங்காது. துரை வண்டியிலயே ஏறு, சீக்கிரம்!"

"முகாமுக்கா சாமி?"

"ஆஸ்பத்திரிக்கும்மா. வைத்தியம் பாத்தா பொழைக்க வழி கீதுன்றாரு."

பார்வதம்மா அழுதுகொண்டே பிள்ளையை வாரியெடுத்து வண்டிக்கு ஓடினாள். பக்கத்தில் ரத்தினம்மா நிற்பதைப் பார்த்ததும் அத்தனை பயமும் ஆத்திரமாய்த் திரும்பியது. பிள்ளையை வண்டியில் கிடத்திவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அவள் மேல் தூற்றினாள்.

"பிளேக்குன்னு பொய் சொல்லி என் குடியக் கெடுக்கப் பாத்தியே, பாவி! உனக்குப் புள்ள நிக்கலன்னா என் புள்ளையுமா போவணும்?"

ரத்தினம்மா கையிலிருந்த துணியை அஞ்சலைமேல் போர்த்திவிட்டாள்.

"என் புள்ளைக்கும் இதே கட்டிதான் பார்வதி. கட்டின்னு உள்ளத சொல்லி ஆஸ்பத்திரி கேட்டுல நின்னேன். கூலிக்காரன் புள்ளையப் பாக்கவா துரை இருக்காருன்னு தொரத்தினாங்க. என் இடுப்புலயே செத்துப் பூட்டான். அதான் இன்னிக்கு பிளேக்குன்னு சொன்னேன். துரையே வண்டி கட்டினு ஓடியாந்தாரு, பாத்தியா?"