நாலாவது அத்தியாயம்

"எந்த ஊமை?" என்று கேட்டார் பாலைவனக் கூட்டத்தின் பெரியவர் அவாத்.

மொழிபெயர்க்க வந்த பிஷாரா அதை மொழிபெயர்க்கவில்லை. அலெக்ஸாந்திரியாவிலிருந்து இரண்டு நாள் மோட்டாரில் புழுதி தின்று இந்தக் கூடாரத்துக்கு வந்ததே, அந்த ஊமையை நினைவிருக்கிறதா என்று இவரிடம் கேட்கத்தான்.

மேஜர் விட்காம் ஒன்பது சாகச நாவல்கள் எழுதியவர். போருக்கு முன் வேவு பார்ப்பதற்காக ஊமை ஒட்டகக்காரன் சலீமாக வேடமிட்டு, அவாத்தின் ஆட்களோடு மூன்று மாதம் திரிந்ததைத்தான் முதல் நாவலாக்கினார். அரபி ஒரு சொல்லும் வராததால் ஊமை வேடமே வசதி என்று பட்டாளத்து மேலிடம் முடிவு செய்ததாம்.

அத்தனையும் புளுகு, மனிதர் பாலைவனத்தில் கால் வைத்ததே இல்லை என்று லண்டன் பத்திரிகை ஒன்று போட்டு உடைத்துவிட்டது. பதிப்பாளர் பத்தாவது நாவலை நிறுத்திவைத்தார். அந்தப் பத்திரிகையின் நிருபர் பெல்லமியே சாட்சி கேட்க மேஜரோடு வந்திருந்தார்.

"என்ன சொல்றார்?" என்றார் பெல்லமி.

"யோசிக்கிறார்" என்றான் பிஷாரா.

மேஜரின் மீசை நுனி தொங்கியது.

அதற்குள் காப்பி வந்தது. இரண்டாவது கோப்பை முடிந்ததும் பிஷாரா போதும் என்று அதை லேசாக ஆட்டிக் காட்டினான். அவனுக்கு ஊற்றுவதை அவாத் நிறுத்திக்கொண்டார். பெல்லமி ஒரு மிடறோடு கீழே வைத்துவிட்டார். மேஜர் மட்டும் குடிக்கக் குடிக்கக் கோப்பை நிரம்பிக்கொண்டே இருந்தது. ஐந்து. ஆறு. ஏழு.

"பாத்தீங்களா பெல்லமி, ஏழு கோப்பை!" வேர்த்துக் கொட்டியபடி சொன்னார் மேஜர். "மாவீரனுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. என் நாவல்ல நாலாவது அத்தியாயமே இதுதான்."

எட்டாவதை ஊற்றப்போன அவாத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"அடப்பாவி, கோப்பையை ஆட்டத் தெரியாத ஊமை! சலீம்!" எழுந்து மேஜரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "ராத்திரி பூரா தூக்கம் வராம ஆந்தை மாதிரி உக்காந்திருப்பியேடா! சப்ஹா இருந்திருந்தா இன்னும் ஒண்ணு ஊத்திச் சிரிச்சிருப்பா." இறந்துபோன மனைவியின் பெயரைச் சொன்னதும் அவர் குரல் கரகரத்தது.

இவ்வளவிலும் 'சலீம்' என்ற பெயர்தான் வெள்ளைக்காரர்கள் இருவருக்கும் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது. மேஜர் விசும்பி அழுதார்.

பெல்லமி விடவில்லை. "கடைசியா ஒரு கேள்வி. இவர்மேல உங்களுக்கு எப்பவாவது சந்தேகம் வந்துச்சா?"

"சந்தேகமா? முதல் நாள்லேருந்தே துளிகூடக் கிடையாது."

பிஷாரா ஒரு சொல் மாற்றாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னான். பெல்லமி அப்படியே எழுதிக்கொண்டு, மேஜரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பத்தாவது நாவலுக்குப் புதிய தலைப்பைச் சொல்லிக்கொண்டே மேஜர் மோட்டாரில் ஏறினார்.

பிஷாரா பின்தங்கினான். "உண்மையைச் சொல்லுங்க பெரியவரே. மூணு மாசம் கூடவே இருந்திருக்கார். வெள்ளைக்காரன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவாத் நிமிர்ந்தார்.

"தம்பி, அந்த வருஷம் எங்ககிட்ட வந்த நாலாவது ஊமை அவன்."