தம்பி வாசிக்கும் இடம்

"உன் இடத்துல யார் வாசிச்சிருக்கான்னு நீயே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு மொட்டை கேசட்டைப் போட்டான்.

தம்பி உட்காரவில்லை. சலவைக் கடையின் பின்னறையில், மடித்து அடுக்கிய போர்வைக் கட்டுகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஐம்பதை நெருங்குகிற ஆளுக்குத் தம்பி என்று பெயர். பாடகன் இவனுடைய அண்ணன் என்பதால் பாட்டுக் குழுவில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. டிரம்ஸ் வாசித்தவன் ஒரு வெயில் காலத்தில் தலையை மழித்தான், மொட்டை ஆனான். முடியெல்லாம் கொட்டி, பெயருக்கு நியாயம் இப்போதுதான் வந்திருக்கிறது.

எல்லோரும் என்றால் மொத்தமே மூன்று பேர். அப்போதும் இதே அறைதான். மொட்டையின் அப்பா கடையை மூடுகிற விடுமுறை நாளில், துவைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்த பிறகு பாடிப் பதிவு செய்வார்கள்.

ஒரு கேசட்டில் ஒரே பாட்டு. முப்பது பிரதி, அதற்கு மேல் கிடையாது. ஏனென்றால் அண்ணன் நகலெடுக்க விடமாட்டான். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து புதிதாகப் பாட வேண்டும், வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் அண்ணனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஐந்து பாட்டு வரைக்கும் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மவுத் ஆர்கன் வாசித்தான். ஆறாவது பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கிய அன்று பொறுமை போய்விட்டது. ஒரு தடவை வாசித்து நகல் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டான். அப்படியானால் நீ தேவையில்லை என்றான் அண்ணன். கோபத்தில் வந்த வார்த்தைதான். இவனும் எடுத்தெறிந்து பேசிவிட்டு வெளியேறினான்.

அதன் பிறகு அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆறாவது பாட்டு வெளிவந்துவிட்டது என்று மட்டும் காதில் விழுந்தது.

அந்தப் பாட்டின் நடுவில் வரும் இடையிசை தம்பி போட்டது. வேறு எவனையோ வைத்து அதை வாசித்துவிட்டார்கள் என்ற நினைப்பு இத்தனை வருஷமும் அவனை அரித்துக்கொண்டிருந்தது. போன வருஷம் அண்ணன் செத்தபோதும் அது ஆறவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

இப்போது மொட்டை, அந்நாளில் வாங்கியவர்களைத் தேடித் தேடிப் பிடித்து, ஆறு பாட்டையும் ஒரே ஆல்பமாகச் சேர்க்கிறான். பாட்டுக்கு ஒரு நல்ல பிரதி. அண்ணி சரியென்றுவிட்டாள். தம்பி சம்மதித்தால் போதும்.

என் இடத்தில் வேற்றாள் இருந்தால் ஆல்பமும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்ற முடிவோடுதான் தம்பி வந்திருந்தான்.

கேசட்டில் அண்ணன் கிதாரை மீட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தான். அந்தக் குரலைக் கேட்டதும் தம்பி எதையும் காட்டிக்கொள்ளாமல் சுவரைப் பார்த்தான்.

முதல் சரணம் முடிந்தது.

கிதார் நின்றது. டிரம்மின் விளிம்பில் குச்சியால் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இடையிசைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் வெறும் தட்டு. பிறகு அண்ணன் இரண்டாம் சரணத்தை எடுத்தான்.

மொட்டை அடுத்த பிரதியைப் போட்டான். அதிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

முதல் தடவை பதிவு செய்தபோது, அண்ணன் பாட மறந்துவிட்டான் என்றே மொட்டை நினைத்தானாம். அண்ணன் கிதாரிலிருந்து கையை எடுத்துவிட்டு அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானாம். கேட்டதற்கு, அது தம்பி வாசிக்கும் இடம், வந்து வாசிப்பான், நீ தட்டுவதை நிறுத்தாதே என்றானாம்.

தம்பி போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அழுதான். மொட்டையிடம் என்ன வெட்கம்.

பிரதிக்குப் பிரதி அந்த இடம் நீண்டுகொண்டே போனது. அழுகைக்கு நடுவிலும் அவன் காது அதைப் பிடித்துவிட்டது.

மவுத் ஆர்கன் பைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்தான். நான் வாசிக்கிறேன், பதிவு செய்துகொள் என்றான். இருப்பதிலேயே அந்த இடம் நீளமாக இருக்கிற பிரதியைப் போடச் சொன்னான்.

மொட்டை தயங்கினான். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். முப்பதாவது பிரதி. இதை மட்டும் விற்கவில்லை என்றான்.

முதல் சரணம் முடிந்தது. தட்டு தொடங்கியது. தம்பி வாசித்தான். மூச்சு முன்போல் நிற்கவில்லை, ஆனாலும் எங்கும் பிசகவில்லை. முடித்துவிட்டு, அண்ணன் பாட வழிவிட்டு, மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தான்.

குரல் வரவில்லை. தட்டு போய்க்கொண்டே இருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். டேப்பில் யாரோ இருமினார்கள். அண்ணனின் இருமல்தான். இதோ பாடப்போகிறான் என்று காத்திருந்தான். அண்ணன் பாடவில்லை. தட்டுகிற கை அசந்துபோய்த் தாளம் தளர்வது கேட்டது. தம்பி இன்னொரு முறை வாசிக்க ஆரம்பித்தான்.

அவன் முடிப்பதற்குள் டக்கென்று கேசட் நின்றது.

ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டான்.

மொட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாங்க எங்க நிறுத்தினோம்? டேப்புதான் தீந்துபோச்சு, தம்பி. உங்கண்ணன் போதும்னு சொல்லவே இல்ல."