வெல்லம் போட்ட சாம்பார்

“ஏண்டி நஸ்ரின், பினாங்குல இருந்து மூட்டையத் தூக்கிட்டு வந்தது எங்க வீட்டுக் கொடியில துணி காயறதப் படம் புடிக்கவா?”

ராஜிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசுக்கு லீவு போட்டு, சிங்ககட் கோட்டை, சனிவார் வாடா, ஆகாகான் அரண்மனை என்று என்னென்னவோ திட்டம் போட்டு வைத்திருந்தாள். வந்தவளோ, முதுகில் ஆளுயரப் பையோடு ஔந்த் பகுதியில் இருக்கும் ராஜியின் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து தெருவைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். பால்கனி, சமையலறைக் குழாய், ஃபிரிட்ஜின் உள்பக்கம் என்று புது டிஜிட்டல் கேமராவில் சுட்டுத் தள்ளுகிறாள்.

“கோட்டை எங்க ஓடிடும் லா? அங்கயேதான் இருக்கும்,” என்றாள் நஸ்ரின், பினாங்குப் பேச்சு மாறாமல். “மிலிந்த் வெங்காயம் நறுக்கறாரு பாரு. மிலிந்த், அப்படியே நில்லுங்க!”

ராஜியின் கணவன் மிலிந்த் கத்தியும் கையுமாகப் பல்லைக் காட்டினான். ராஜி தலையில் அடித்துக்கொண்டாள்.

கோயம்புத்தூரில் காலேஜ் படித்தபோது நஸ்ரின் ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராஜி வீட்டில்தான் சாப்பாடு. ராஜியின் அப்பா கல்யாணசுந்தரத்தை இவளும் “அப்பா” என்றுதான் கூப்பிடுவாள். அந்த அப்பாதான், ராஜி மராட்டிக்காரனைக் கட்டிக்கொண்ட அன்று, “செத்தாலும் உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு ஃபோனில் ராஜியின் குரல் கேட்டாலே பட்டென்று வைத்துவிடுவார். வருஷக்கணக்காக இதே கதை.

சென்னையில் இறங்கி ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நஸ்ரின், திரும்பும்போது கோயம்புத்தூர் போவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே போய், ‘உங்க மக ராணியாட்டம் இருக்கா’ என்று நாலு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் மனசு இளகாதா? அதற்காகத்தான் ராஜி காரைக் கழுவி வைத்ததும், பெரிய ஹோட்டலில் மேஜை சொல்லி வைத்ததும். இந்த மகராசி போய்த் துணி காய்வதையும் வெங்காயம் நறுக்குவதையும் காட்டினால் விளங்கினாற்போலத்தான்!

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம். காலையில் மிலிந்த் கிளறும் போஹா என்கிற அவல் உப்புமாவைத் தட்டுத் தட்டாகத் தின்பாள். ராஜி சமைத்ததை மட்டும், “கேரியர்ல போட்டுக் குடு லா, ஸ்டேஷன்ல உக்காந்து சாப்பிடறேன். வண்டி வர்றது போறதப் பாக்க எனக்குப் புடிக்கும்,” என்பாள். சாயங்காலமானால் கேரியரோடு ரிக்‌ஷா ஏறிவிடுவாள். திரும்பி வரும்போது கேரியர் கழுவித் துடைத்திருக்கும்.

“கொட்டிட்டு வர்றாளோ என்னவோ,” என்று ராஜி புலம்பினாள்.

“பாய்ஃபிரெண்ட் இருக்கு,” என்றான் மிலிந்த், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

“உங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க!”

மறுநாள் நஸ்ரின் சமையலறைக்கு வந்து மெதுவாக ஆரம்பித்தாள். “ராஜி, சாம்பார்ல வெல்லம் போடறியே, அது வேண்டாமே?”

“யாரு, நீ சொல்றியா? ஹாஸ்டல் உப்புமாவுக்கே சர்க்கரை தொட்டுத் தின்னவதானே நீ? மிலிந்துக்கு இனிப்பு இல்லாட்டி எறங்காதுன்னு போடறேன். கைப்பழக்கம் ஆயிருச்சு. இப்ப உனக்கு அதுவும் குத்தமா?”

நஸ்ரின் வெல்லக் கட்டியை ஒரு படம் பிடித்தாள். ராஜிக்குக் கரண்டியாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் ராஜிக்குப் பொறுமை போயே போய்விட்டது.

“ஒரு எடம் பாக்கல, ஒரு வாய் என்கூட உக்காந்து திங்கல. என் சமையல் புடிக்கலேன்னா மொகத்துக்கு நேரா சொல்லிப் போடு. ஆனா எங்கப்பாகிட்ட போய், உங்க மகளுக்குச் சமைக்கத் தெரியலேன்னு மட்டும் சொல்லிப் போடாதே.”

நஸ்ரின் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் குடு லா. நிறைய. நீயே தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வா.”

“எல்லாம் நேரந்தான்!” என்று முனகிக்கொண்டே ராஜி அரிசி களைந்தாள்.

ஸ்டேஷனில் கோயம்புத்தூர் வண்டி நின்றிருந்தது. மிலிந்த் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். நஸ்ரின் பெட்டிக்குள் ஏறி, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். அங்கே மப்ளரால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் அந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“கேரியரப் படிப்பக்கம் வந்து அவர்கிட்ட குடு லா.”

“அவருக்கு எதுக்குடி தொந்தரவு?” என்று சலித்துக்கொண்டே ராஜி படியோரம் போய் நீட்டினாள். பெரியவர் எழுந்து வந்து வாங்கினார். மப்ளரைக் கீழே இறக்கி, மூடியைத் திறந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

“இன்னைக்குத்தான் வெல்லம் இல்ல,” என்றார்.

ராஜி ஒரு படி ஏறி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அப்பா!”

“கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு பேருமாதான் லா வந்தோம்,” என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற நஸ்ரின். “ஸ்டேஷனுக்கு எதிர் லாட்ஜ்லதான் இருந்தாரு. தினம் படம் எங்க, சோறு எங்கன்னு என் உயிர எடுத்துட்டாரு.”

“வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சோறு திங்க மாட்டேன்னா சொன்னேன்?” என்றார் கல்யாணசுந்தரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவரும் மிலிந்தை ஒரு பார்வை பார்த்தார். “மாப்பிள்ளைக்கு இனிப்பு வேணும்னா இனிமே அவருக்குத் தனியா எடுத்து வெச்சுப் போடு கண்ணு, எனக்கு அது ஆகறதில்ல.”