தலைகீழ்ப் பேச்சு

டாஞ்சியர் தீவின் வீட்டு முற்றங்களில் நிற்கும் கல்லறைகளை மாலைப் பனிமூட்டம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. நண்டு பிடிக்கப் போனவர்களில் ஹார்லனின் படகு மட்டும் இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி ஒரீடா வாசற்படியில் நின்று, எப்போதோ காய்ந்துவிட்ட துணியைப் பிழிந்துகொண்டே இருக்கிறாள். “ஹார்லனுக்குக் கடலே தெரியாதூஊ! கவலைப்படுடி நல்லா!” என்று கேலியாக இழுக்கிறாள் பக்கத்து வீட்டு மேபல். அந்தக் காலத்தில் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த முன்னோர்களின் இழுவை என்பார்கள் இந்த ஆங்கிலத்தை. ஆனால் இழுத்துச் சொன்னால் அர்த்தம் தலைகீழ் என்பது தீவுக்காரர்களின் கைவரிசை. அவனைப் போலக் கடல் தெரிந்தவன் இல்லை என்கிறாள் மேபல். ஒரீடா சிரித்துவைக்கிறாள்.

படகுத்துறையிலிருந்து ஹார்லனின் தம்பி டென்னி வருகிறான். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் சளசளக்கிறது. படியருகே வந்தும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அண்ணி, அண்ணன் வந்துடுவாஆன்…” தேற்றத்தான் வாயெடுக்கிறான். குரல் உடைந்து, கடைசிச் சொல் தானாக நீண்டுவிடுகிறது. மேபல் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

“நேரா சொல்லுடா, டென்னி. இழுக்காம ஒரே ஒரு தடவ சொல்லு” என்கிறாள் ஒரீடா.

டென்னி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொள்கிறான்.